டிவி செயலியில் ரிமோட் மக்கர் செய்கிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

டிவி செயலிக்கு வரும் புகார்களில் "ஆப் ஹேங் ஆகுது" என்பதுதான் அதிகம். திறந்து பார்த்தால் பெரும்பாலும் எதுவும் ஹேங் ஆகியிருக்காது. ஃபோகஸ், அதாவது ரிமோட் இப்போது திரையில் நிற்கும் இடம், எங்கேயோ போய் ஒளிந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான். அதனால் எந்தப் புகார் வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றே: இந்த நொடியில் ஃபோகஸ் எங்கே இருக்கிறது? கீழே உள்ளவற்றில் பாதி அந்தக் கேள்விக்கான விடைதான்.

ஆண்ட்ராய்டு டிவி, கூகுள் டிவி, ஃபயர் டிவி ஆகியவற்றையும், சாம்சங் டைசன், எல்ஜி வெப்ஓஎஸ் டிவிகளில் ஓடும் வெப் செயலிகளையும் மனதில் வைத்து எழுதியது இது. உங்கள் அறிகுறி எந்தத் தலைப்பில் வருகிறதோ அங்கே நேராகப் போய்விடலாம்.

முதலில் கையில் இருக்க வேண்டியவை

கடையில் கிடைப்பதிலேயே மலிவான, 1 ஜிபி ரேம் உள்ள ஸ்டிக் அல்லது பாக்ஸ் ஒன்று, அதோடு வந்த ரிமோட்டுடன். வெப் செயலி என்றால் ஐந்தாறு வருடப் பழைய சாம்சங் அல்லது எல்ஜி டிவி ஒன்று. எமுலேட்டர் உதவும், ஆனால் அதில் மவுஸைத் தொடாதீர்கள். ஒரு கிளிக் செய்தாலே தொடுதிரை நிலைக்குப் போய் ஃபோகஸ் மறைந்துவிடும். இல்லாத பிழையைத் தேடி ஒரு மதியம் வீணாகும்.

ஏடிபி (ஆண்ட்ராய்டு சாதனத்துக்குக் கட்டளை அனுப்பும் கருவி) வழியாக ரிமோட் பட்டனை லேப்டாப்பிலிருந்தே அனுப்பலாம். "இன்புட் கீஈவென்ட்" கட்டளையோடு 19 என்றால் மேல், 20 கீழ், 21 இடது, 22 வலது, 23 நடு பட்டன், 4 பேக். இந்த ஆறு எண்களும் மனப்பாடம் ஆகிவிட்டால் பாதி வேலை மிச்சம். லேப்டாப்பிலிருந்து அனுப்பினால் நகர்கிறது, ரிமோட்டில் நகரவில்லை என்றால் கோளாறு ரிமோட் பக்கம். இரண்டிலும் நகரவில்லை என்றால் உங்கள் கோடில், அதாவது நிரலில்.

சாம்சங்கில் ஆப்ஸ் திரைக்குப் போய் ரிமோட்டில் 12345 அழுத்தினால் டெவலப்பர் மோடு திறக்கும். அங்கே லேப்டாப்பின் ஐபி முகவரியைக் கொடுக்க வேண்டும். எல்ஜியில் அவர்கள் ஸ்டோரிலேயே டெவலப்பர் மோடு செயலி இருக்கிறது.

கடைசியாக, ஃபோகஸ் லாக். ஆண்ட்ராய்டில் ஃபோகஸ் மாறும்போதெல்லாம் பழைய வியூ (திரையில் உள்ள பொருள்) எது, புதிய வியூ எது என்று அச்சிடும் குளோபல் ஃபோகஸ் லிசனர் ஒன்றைப் போடுங்கள். கம்போஸில் (ஆண்ட்ராய்டில் திரை கட்டும் புதிய முறை) ஆன்ஃபோகஸ்சேஞ்ச்டு. வெப்பில் டாக்குமென்டின் ஆக்டிவ் எலிமென்ட். ஃபோகஸுக்குத் தனி லைப்ரரி வைத்திருந்தால் அது எந்தப் பெயரைக் கையில் வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த லாக் இல்லாமல் கீழே இறங்க வேண்டாம்.

## அறிகுறி 1: அம்பை அழுத்தினால் எதுவும் நகரவில்லை

லாகைப் பாருங்கள். நான்கில் ஒன்றுதான் இருக்கும்.

### லாகில் ஃபோகஸ் மாறுகிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை

மிக எளிய காரணம், மிக அடிக்கடி வருவதும் இதுதான். வடிவமைப்பாளர் ஃபோகஸுக்கு லேசான நிற மாற்றம் மட்டும் கொடுத்திருப்பார். மேசை மானிட்டரில் அழகாகத் தெரியும். வீட்டு டிவி 'விவிட்' மோடில், ஜன்னல் வெளிச்சத்தில், பத்தடி தள்ளி இருக்கும்போது அந்தச் சாம்பல் வித்தியாசம் போன இடம் தெரியாது.

சோதனை: சோபாவில் உட்கார்ந்து திரையை மொபைலில் படம் எடுங்கள், கருப்பு வெள்ளையாக மாற்றுங்கள், அந்தச் செயலியையே பார்க்காத ஒருவரிடம் காட்டி "எது செலக்ட் ஆகியிருக்கு?" என்று கேளுங்கள். அவர் யோசித்தால் தேறவில்லை. நிறத்தோடு தடித்த ஓரக்கோடும் 1.1 மடங்கு பெரிதாக்கலும் சேர்த்தால் போதும்.

### லாகில் ஃபோகஸ் 'எதுவுமில்லை' என்று வருகிறது

திரை திறக்கும்போது லோடிங் சக்கரம் மட்டும் இருந்திருக்கும். அதில் ஃபோகஸ் வாங்கக்கூடியது ஒன்றுமில்லை. அப்புறம் தரவு வந்தது, கார்டுகள் வந்தன, யாரும் ஃபோகஸைக் கேட்கவில்லை. தரவு வந்து கார்டு வரையப்பட்ட பிறகு முதல் கார்டுக்கு ஃபோகஸ் கேளுங்கள். கம்போஸில் வரைவதற்கு முன்னாலேயே கேட்டால், ஃபோகஸ் ரிக்வெஸ்டர் தயாராகவில்லை என்று சொல்லிச் செயலியே விழுந்துவிடும். எஃபெக்ட்டுக்குள் வைத்துக் கேட்க வேண்டும்.

இரண்டாவது காரணம், ஃபோகஸில் இருந்த பொருளையே நீங்கள் திரையிலிருந்து எடுத்திருப்பீர்கள். டயலாக்கை மூடினீர்கள், 'மீண்டும் முயல்க' பட்டனை மறைத்தீர்கள். எடுப்பதற்கு முன் ஃபோகஸ் அடுத்து எங்கே போக வேண்டும் என்று சொல்லிவிட்டு எடுங்கள்.

மூன்றாவது, பழைய பாக்ஸில் மட்டும் வந்தால்: ஆண்ட்ராய்டு 8 முதல், கிளிக் வாங்கும் வியூ தானாகவே ஃபோகஸும் வாங்கும். அதற்கு முந்தைய பதிப்புகளில் நீங்கள்தான் ஃபோகஸபிள் என்று எழுத வேண்டும். புது ஸ்டிக்கில் ஓடி, பழைய பாக்ஸில் செத்துப்போகும் பட்டன்களுக்கு இதுதான் காரணம்.

### லாகில் ஃபோகஸ் இருக்கிறது, ஆனால் திரையில் இல்லாத பொருளில்

பக்க மெனுவை இடது ஓரத்துக்கு வெளியே தள்ளி மறைத்திருப்பீர்கள், அல்லது முழுக்க மங்கலாக்கி மறைத்திருப்பீர்கள். கண்ணுக்குத்தான் அது மறைந்தது. ஃபோகஸுக்கு இன்னும் அங்கேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் 'கான்', வெப்பில் 'டிஸ்ப்ளே நன்' என்று உண்மையிலேயே எடுத்துவிடுங்கள். பாப்அப் திறந்திருக்கும்போது ஃபோகஸ் பின்னால் உள்ள கார்டுகளுக்குப் போவதும் இதே வகைதான். பாப்அப் மூடும்வரை பின்திரைக்கு ஃபோகஸ் போகும் வழியை அடைத்துவிட வேண்டும்.

### லாகே வரவில்லை

பேட்டரியை மாற்றிப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். அடுத்து, பயனர் ஸ்டிக்கின் ரிமோட்டைப் பயன்படுத்துகிறாரா, டிவி ரிமோட்டையா என்று கேளுங்கள். டிவி ரிமோட் என்றால் பட்டன் எச்டிஎம்ஐ சிஇசி (எச்டிஎம்ஐ கேபிளிலேயே ரிமோட் கட்டளையைக் கடத்தும் வசதி) வழியாக வருகிறது. எல்லா டிவியும் எல்லா பட்டனையும் அனுப்புவதில்லை.

அம்பு வேலை செய்கிறது, ஓகே மட்டும் இல்லை என்றால் எண்ணைப் பாருங்கள். ஓகே என்றால் 23 என்று நினைத்து எழுதியிருப்பீர்கள். சில மலிவு ரிமோட் 66 அனுப்பும், அது என்டர். சிலது 160, எண்பலகையின் என்டர். கேம்பேட் 96 அனுப்பும். நான்கையும் ஓகே என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

### எல்ஜியில் மட்டும் இரண்டு கார்டு ஒளிர்கிறது

மேஜிக் ரிமோட்டின் வேலை. அம்புப் பட்டனும் உண்டு, காற்றில் ஆட்டினால் நகரும் சுட்டியும் உண்டு. ஃபோகஸுக்கு ஒரு ஒளி, சுட்டி மேலே வந்தால் இன்னொரு ஒளி என்று தனித்தனியாக எழுதியிருப்பீர்கள். சுட்டி ஒரு கார்டின் மேல் வந்ததும் ஃபோகஸையே அங்கே மாற்றிவிட்டு, ஒளியை ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 2: ஃபோகஸ் சம்பந்தமில்லாத இடத்துக்குக் குதிக்கிறது

டிவி செயலியில் அதிக நேரத்தைத் தின்னும் பிழை இது. குதிப்பது எப்போது என்பதை வைத்துப் பிரியுங்கள்.

### ஒன்றும் அழுத்தாமலேயே முதல் கார்டுக்குப் போகிறது

பின்னணியில் தரவு புதுப்பிக்கப்பட்டிருக்கும். லிஸ்ட் முழுவதையும் 'மாறிவிட்டது' என்று அறிவித்தால், பழைய கார்டுகள் கழற்றப்பட்டு புதியவை மாட்டப்படுகின்றன. ஃபோகஸில் இருந்த கார்டு கழன்ற அந்தக் கணத்தில் ஃபோகஸ் கண்ணில் பட்ட முதல் பொருளுக்கு ஓடிவிடும்.

மலிவான மருந்து: ஒவ்வொரு கார்டுக்கும் நிலையான அடையாள எண். ரிசைக்ளர்வியூவில் ஸ்டேபிள் ஐடி, கம்போஸ் லேசி லிஸ்டில் கீ, ரியாக்டிலும் கீ. அந்தக் கீயாக வரிசை எண்ணைக் கொடுக்காதீர்கள். மேலே ஒரு கார்டு புதிதாக நுழைந்தால் எல்லாம் ஒரு படி இறங்கிவிடும். அதுவும் போதவில்லை என்றால், மாறிய கார்டை மட்டும் புதுப்பிக்கும் டிஃப் முறைக்குப் போங்கள்.

### விவரத் திரையிலிருந்து பேக் வந்தால் முதல் வரிசையில் நிற்கிறது

பயனர் ஏழாவது வரிசையில் பதினொன்றாவது படம் வரை போய், திறந்து பார்த்து, பிடிக்காமல் பேக் அழுத்துகிறார். முதல் வரிசை முதல் கார்டு. மறுபடியும் ஆறு தடவை கீழே, பத்து தடவை வலதே. இரண்டாம் தடவை இப்படி ஆனால் அவர் செயலியை விட்டே போய்விடுவார். புகார்கூட எழுத மாட்டார்.

கம்போஸில் ஒவ்வொரு வரிசைக்கும் ஃபோகஸ் ரெஸ்டோரர் போட்டால் அந்த வரிசைக்குள் கடைசியாக இருந்த இடம் நினைவில் நிற்கும். திரை மாறித் திரும்பும்போது எந்த வரிசை, எந்தக் கார்டு என்பதைத் திரையின் நிலையோடு நீங்களே சேமிக்க வேண்டும். வெப்பில் பக்கத்தையே அழித்துத் திரும்பக் கட்டுகிறீர்கள் என்றால், முடிந்தவரை அழிக்காமல் மறைத்து வையுங்கள். ரேம் இடம் கொடுக்காவிட்டால் அடையாள எண்ணைச் சேமித்து, கார்டு வந்த பிறகு ஃபோகஸ் கொடுங்கள்.

### கீழே அழுத்தினால் ஒரு பட்டனைத் தாண்டிப் போகிறது, அல்லது அந்தப் பட்டனுக்குப் போகவே முடியவில்லை

ஃபோகஸ் அடுத்ததைத் தேடுவது இருப்பிடத்தை வைத்து. அழுத்திய திசையில் நேர்க்கோட்டில் பக்கமாக இருப்பதுதான் வெல்லும். வலது மூலையில் ஒற்றையாக 'எல்லாம் பார்க்க' பட்டனை வைத்தீர்கள், கார்டுகள் இடது ஓரத்தில் தொடங்குகின்றன என்றால், அந்தப் பட்டன் யாருடைய நேர்க்கோட்டிலும் வராது.

1. பட்டனை இடம் மாற்ற முடியுமா பாருங்கள். வரிசையின் கடைசி கார்டாகவே 'எல்லாம் பார்க்க' என்று வைத்துவிட்டால் பிரச்சினையே இல்லை. இதுதான் என் முதல் தேர்வு, வடிவமைப்பாளர் முறைத்தாலும்.
2. முடியாது என்றால் ஆண்ட்ராய்டில் நெக்ஸ்ட் ஃபோகஸ் டவுன், நெக்ஸ்ட் ஃபோகஸ் ரைட் என்று கையால் வழி சொல்லுங்கள். ஆப்பிள் டிவியில் இதற்கென்றே ஃபோகஸ் கைடு இருக்கிறது.
3. கையால் வழி சொன்ன இடங்கள் பெருகிக்கொண்டே போனால் நிறுத்துங்கள். அந்தத் திரையின் அமைப்பே டிவிக்கு ஆகாதது.

### கீழ் அம்பைப் பிடித்தே இருந்தால் பக்க மெனுவுக்கு ஓடிவிடுகிறது

பட்டனைப் பிடித்திருந்தால் ஒரே கட்டளை மளமளவென்று வந்துகொண்டே இருக்கும். அடுத்த வரிசை வரையப்படும் முன்னாலேயே ஃபோகஸ் கீழே தேடும், அங்கே ஒன்றுமில்லை, பக்கத்தில் மெனு இருக்கிறது, சரி, அங்கே போகலாம் என்று போய்விடும். மலிவு பாக்ஸில்தான் அதிகம் வரும், ஏனென்றால் அங்கேதான் வரைவது மெதுவாக நடக்கும்.

தொடர் கட்டளைகளுக்கு இடையே சிறு இடைவெளி கட்டாயமாக்குங்கள். 100 மில்லி நொடியில் தொடங்கிப் பாருங்கள். மேல்-கீழ் அழுத்தத்தால் பக்க மெனுவுக்குப் போகவே கூடாது, இடது அம்புக்கு மட்டும்தான் வழி என்றும் பூட்டிவிடுங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: நேட்டிவ் திரைக்குள் வெப்வியூ, அதற்குள் இன்னொரு ஐஃபிரேம் என்று அடுக்கி, ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு ஃபோகஸ் வைத்திருந்தால் ஒட்டுப்போட்டு முடியாது. வெப் பக்கம் கையால் எழுதிய ஃபோகஸ் கோடு கைமீறிவிட்டதென்றால் பிபிசி வெளியிட்ட எல்ஆர்யூடி, அல்லது ரியாக்ட் என்றால் நோரிஜின் லைப்ரரிக்கு மாறுவது நல்லது. அந்த மாற்றத்தை ஏற்கெனவே செய்த ஒருவரை வைத்துச் செய்யுங்கள்; ஒவ்வொரு திரையையும் தொடும் வேலை அது.

## அறிகுறி 3: ஒரு தடவை அழுத்தினால் இரண்டு வேலை நடக்கிறது

"வெளியேறலாமா?" டயலாக்கில் 'வேண்டாம்' அழுத்தினால் டயலாக் மூடுகிறது, பின்னாலிருந்த படமும் ஓட ஆரம்பிக்கிறது.

பட்டனை அழுத்துவது ஒரு நிகழ்வு, விடுவது இன்னொன்று. டயலாக்கை அழுத்தும்போதே மூடிவிட்டீர்கள். விடும் நிகழ்வு, இப்போது ஃபோகஸில் வந்து நிற்கும் பின்திரைக் கார்டுக்குப் போய்ச் சேர்கிறது. செயலி முழுவதும் ஏதாவது ஒன்றையே கேளுங்கள். இரண்டையும் கலந்துதான் ஆக வேண்டும் என்றால், எந்தத் திரையில் அழுத்தப்பட்டதோ அதே திரையில் விட்டால்தான் செல்லும் என்று வையுங்கள்.

அப்படியும் போகவில்லை என்றால் பயனரின் ரிமோட்டைக் கற்பனை செய்யுங்கள். நம் வீடுகளில் ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை போட்டிருப்பார்கள், சில சமயம் ரப்பர் பேண்டும் சேர்த்து. உறைக்கு மேலே அழுத்தும்போது விரல் பட்டனில் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும். அந்தக் கூடுதல் நேரத்தில் கட்டளை மறுபடியும் வரும். ஓகே பட்டனுக்கு வரும் மறுகட்டளைகளை, அதாவது ரிபீட் எண்ணிக்கை 0-க்கு மேல் உள்ளவற்றை, ஒதுக்கிவிடுங்கள். அம்புகளுக்கு ஒதுக்கக் கூடாது.

## அறிகுறி 4: பேக் பட்டன் சொன்னபடி கேட்கவில்லை

பேக் அழுத்தினால் செயலியே மூடிவிடுகிறது. வெப் செயலியில் பேக்கின் எண்ணை நீங்கள் கேட்கவே இல்லை என்று அர்த்தம். சாம்சங்கில் அது 10009, எல்ஜியில் 461. ஒன்றை மட்டும் எழுதிவிட்டு இரண்டு டிவிக்கும் அனுப்பிய செயலிகள் நிறைய உண்டு. எல்ஜியில் பேக்கை முழுக்க நீங்களே பார்த்துக்கொள்வதென்றால், ஆப்இன்ஃபோ கோப்பில் பேக் ஹிஸ்டரியை முடக்கும் அமைப்பையும் பார்க்க வேண்டும்.

பேக் அழுத்திக்கொண்டே இருந்தாலும் வெளியே வர முடியவில்லை. முகப்பிலிருந்து உள்நுழைவு, உள்நுழைவிலிருந்து முகப்பு என்று சுற்றிக்கொண்டிருக்கும். உள்நுழைவு முடிந்ததும் அந்தத் திரையை அடுக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள். கூகுள் டிவியில் பேக்கை அழுத்திக்கொண்டே போனால் கடைசியில் டிவியின் முகப்புக்கு வந்தே ஆக வேண்டும், நடுவில் "நிச்சயமாகவா?" என்று கேட்டு மறிப்பதையும் அவர்கள் விரும்புவதில்லை. சாம்சங் பக்கம் முதல் திரையில் வெளியேறும் பாப்அப் வைப்பது வழக்கம். ஒரே கோடு என்றாலும் இந்த இடத்தில் டிவிக்கு டிவி பிரித்துத்தான் ஆக வேண்டும்.

கீபோர்டு திறந்திருக்கும்போது பேக் அழுத்தினால் திரையே போகிறது. முதல் பேக் கீபோர்டை மூடணும், இரண்டாவதுதான் திரையை. சாம்சங் கீபோர்டில் 'முடிந்தது' 65376, 'ரத்து' 65385 என்று தனி எண்களாக வரும், அவற்றையும் கேளுங்கள்.

திரையில் 'பின்செல்' என்று ஒரு பட்டன் வரைவது மட்டும் வேண்டாம். ரிமோட்டில் அதற்கென்றே ஒரு பட்டன் இருக்கிறது.

## அறிகுறி 5: ஓரத்தில் வெட்டுப்படுகிறது

எல்லா ஓரமும் கொஞ்சம் கொஞ்சம் காணவில்லை என்றால் ஓவர்ஸ்கேன். டிவி படத்தைச் சற்றுப் பெரிதாக்கிக் காட்டுகிறது. எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங்கில் 'ஃபிட் டு ஸ்கிரீன்' என்று மாற்றினால் சரியாகும். அது காரணத்தை உறுதிப்படுத்த மட்டும். ஊரில் உள்ள ஒவ்வொருவரிடமும் போய் செட்டிங்ஸை மாற்றச் சொல்ல முடியாது. உங்கள் பக்கத்தில் நான்கு ஓரத்திலும் 5 சதவீதம் காலியாக விடுங்கள். ஆண்ட்ராய்டு கணக்கில், 960-க்கு 540 டிபி (திரை அடர்த்தியைச் சாராத அளவு) திரையில், இடம் வலம் 48, மேல் கீழ் 27. பின்னணிப் படம் ஓரம் வரை போகலாம். எழுத்தும் பட்டனும் போகக் கூடாது.

ஃபோகஸ் வந்த கார்டு மட்டும் வெட்டுப்பட்டால் அது ஓவர்ஸ்கேன் அல்ல. பெரிதான கார்டைத் தாய்ப்பெட்டி நறுக்குகிறது. கிளிப் சில்ட்ரன், கிளிப் டு பேடிங் இரண்டையும் அணையுங்கள், ஒரு அடுக்கில் மட்டுமல்ல, மேலே உள்ள அடுக்குகளிலும். வெப்பில் ஓவர்ஃப்ளோ ஹிடன் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

## அறிகுறி 6: எழுத்து படிக்க முடியவில்லை

அளவை முதலில் பாருங்கள். 1080 திரையில் 24 பிக்சலுக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது. தொடர்ந்து படிக்க வேண்டிய பத்திக்கு 36 பக்கம் போகலாம். தமிழுக்கு இன்னும் ஒரு படி ஏற்றுங்கள். 'ணை', 'ஞ்', 'னூ' எல்லாம் சிறிய அளவில் ஒரே கரும்புள்ளியாகத்தான் தெரியும்.

தமிழ் கட்டம் கட்டமாக வருகிறது: அந்த டிவியில் தமிழ் எழுத்துரு இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றைச் செயலியோடு சேர்த்தே அனுப்புங்கள்.

உகர ஊகாரக் கால்கள் வெட்டுப்படுகின்றன: 'கு', 'மூ' கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு அளந்து வைத்த பெட்டியின் உயரம் போதாது. வரி உயரத்தை 1.5 அளவுக்கு ஏற்றுங்கள், எழுத்துப் பெட்டிக்கு நிலையான உயரம் வைக்காதீர்கள். ஆண்ட்ராய்டில் இன்க்ளூட் ஃபான்ட் பேடிங்கை அணைத்திருந்தால் திரும்பப் போடுங்கள்.

படத்தின் பெயர் பாதியில் முடிந்து, எழுத்து மாறிவிடுகிறது: நீளமான பெயரை இத்தனை எழுத்து என்று கோடில் வெட்டியிருப்பீர்கள். 'கொடி' என்பதைத் தவறான இடத்தில் வெட்டினால் 'க' மட்டும் மிஞ்சும். வெட்டிய மிச்சத்தை அடுத்த வரியில் போட்டால் புள்ளி வட்டத்தோடு ஒரு கொம்பு வந்து நிற்கும். கோடில் வெட்டாமல் சிஎஸ்எஸ் எலிப்சிஸிடம் விட்டுவிடுங்கள். எழுத்துவாரியாகப் பிரிக்கும் இன்ட்ல் செக்மென்டர் குரோமியம் (டிவி பிரவுசர்களின் அடிப்படை) 87-ஆம் பதிப்பில்தான் வந்தது, பழைய டிவியில் இல்லை.

## அறிகுறி 7: லேப்டாப்பில் ஓடுகிறது, பழைய டிவியில் வெள்ளைத்திரை

டிவிக்குள் இருக்கும் பிரவுசர், டிவி வாங்கிய வருடத்திலேயே நின்றுபோனது என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். சாம்சங் 2018 மாடலில் குரோமியம் 56, 2020-இல் 69, 2022-இல் 85. எல்ஜி வெப்ஓஎஸ் 4-இல் 53, வெப்ஓஎஸ் 5-இல் 68, வெப்ஓஎஸ் 6-இல் 79.

- முழு வெள்ளைத்திரை, கன்சோலில் 'சின்டேக்ஸ் எரர்': கேள்விக்குறியும் புள்ளியும் சேர்ந்த ஆப்ஷனல் செயினிங் குரோமியம் 80-க்கு முன்னால் தெரியாது. ஒரே ஒரு இடத்தில் இருந்தாலும் கோப்பு முழுவதும் ஓடாது. பேபலில் (புதிய ஜாவாஸ்கிரிப்டைப் பழைய வடிவுக்கு மாற்றும் கருவி) இலக்குப் பதிப்பைக் குறையுங்கள். உங்கள் கோடு சரியாக இருந்தும் வருகிறதென்றால் நோட் மாட்யூல்ஸ் (வெளி லைப்ரரிகள் இருக்கும் கோப்புறை) பக்கம் பாருங்கள். அவை பெரும்பாலும் பேபலுக்குள் போவதே இல்லை.
- கார்டுகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன: ஃபிளெக்ஸில் 'கேப்' 84-இல்தான் வந்தது. மார்ஜினுக்கு மாறுங்கள்.
- கார்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கொட்டிக் கிடக்கின்றன: கிரிட் 57-இல் வந்தது. சாம்சங் 2018-இன் 56-இல் இல்லை. ஒரு எண்ணில் கோட்டைவிட்ட மாடல் அது.

## அறிகுறி 8: நகர்வது சிக்கிச் சிக்கி வருகிறது

பணம் செலவழிக்கும் முன் படங்களைப் பாருங்கள். 1920-க்கு 1080 படம் ஒன்று நினைவகத்தில் ஏறினால், கோப்பு எவ்வளவு சிறியதாக இருந்தாலும், பிக்சலுக்கு 4 பைட் வீதம் சுமார் 8.3 எம்பி. நீங்கள் காட்டுவது 320-க்கு 180 கார்டில். அதற்குத் தேவை 0.23 எம்பி. திரையிலும் அதன் அக்கம்பக்கத்திலும் 40 கார்டு என்றால் 330 எம்பி. ஒரு ஜிபி பாக்ஸ் தாங்குமா?

படத்தைச் சர்வரிலேயே கார்டு அளவுக்குச் சுருக்கி வாங்குங்கள். கிளைட் (ஆண்ட்ராய்டில் படம் ஏற்றும் லைப்ரரி) பயன்படுத்துகிறீர்கள் என்றால் கார்டின் அகல உயரத்தை 'ராப் கன்டென்ட்' என்று விடாதீர்கள். அப்படி விட்டால் அது திரையளவைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

அடுத்து அனிமேஷன். ஃபோகஸ் பெரிதாக்கலை அகலம், உயரம், இடப்பக்கத் தூரம் இவற்றை மாற்றிச் செய்திருந்தால் டிரான்ஸ்ஃபார்முக்கு மாற்றுங்கள். மங்கல் பின்னணி, மென்நிழல் இரண்டையும் ஒரு தடவை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் மலிவு பாக்ஸுக்கு மட்டும் அவற்றை அணையுங்கள்; ஆண்ட்ராய்டு 'இது லோ ரேம் சாதனமா' என்று கேட்டால் சொல்லும். இதற்குப் பிறகும் சிக்கினால் ஏடிபியில் ஜிஎஃப்எக்ஸ்இன்ஃபோ (வரையும் வேகம்), மெம்இன்ஃபோ (நினைவகம்) எண்களை எடுத்து, அந்த எண்களோடு பெர்ஃபாமன்ஸ் தெரிந்தவரிடம் போங்கள். எண் இல்லாமல் போனால் அவர் முதல் நாள் முழுக்க இதைத்தான் எடுப்பார், கூலி உங்களுடையது.

## அறிகுறி 9: உள்நுழைவுத் திரையோடு பயனர் போய்விடுகிறார்

அம்புப் பட்டனால் மின்னஞ்சல் முகவரி, அதன்பின் பெரிய எழுத்தும் குறியீடும் கலந்த கடவுச்சொல். யார் உட்கார்ந்து அடிப்பார்கள்? திரையில் ஒரு கியூஆர் கோடு, கூடவே ஒரு குறுங்குறியீடு காட்டி, மொபைலில் முடிக்கச் சொல்லுங்கள். இதற்கு 2019-இலேயே ஆர்எஃப்சி 8628 என்ற தரநிலை வந்துவிட்டது.

அதைச் செய்த பிறகும் புகார் வந்தால்:

- குறியீட்டைத் தவறாக அடிக்கிறார்கள்: சுழியமும் ஓ எழுத்தும், ஒன்றும் ஐ எழுத்தும் குழம்பும். ஆங்கில உயிரெழுத்தும் எண்ணும் இல்லாத 20 எழுத்துத் தொகுப்பை அந்தத் தரநிலையே காட்டுகிறது. நான்கு நான்காகப் பிரித்துக் காட்டுங்கள்.
- மொபைலில் முடித்தும் டிவி அப்படியே நிற்கிறது: டிவி சர்வரைத் திரும்பத் திரும்பக் கேட்கும் இடைவெளியைப் பாருங்கள். சர்வர் எதுவும் சொல்லாவிட்டால் 5 நொடி. 'மெதுவாகக் கேள்' என்று பதில் வந்தால் இன்னொரு 5 கூட்ட வேண்டும். கூட்டாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் பதில் கிடைக்காது.
- மொபைலை எடுத்து வருவதற்குள் குறியீடு காலாவதி: பழையதை விட்டுவிட்டுத் தானாகவே புதியதைக் காட்டுங்கள்.

## அறிகுறி 10: நிறுவியாயிற்று, டிவி முகப்பில் ஐகானைக் காணோம்

மேனிஃபெஸ்டில் (செயலியின் விவரக் கோப்பு) லீன்பேக் லாஞ்சர், அதாவது டிவி முகப்பில் காட்டச் சொல்லும் வகை இல்லை. சேர்க்கும்போது 320-க்கு 180 பேனர் படமும் சேர்த்துவிடுங்கள்.

கையால் நிறுவினால் வருகிறது, ஸ்டோரில் தேடினால் வரவில்லை என்றால் வேறு கதை. தொடுதிரை தேவையில்லை என்று நீங்கள் சொல்லாவிட்டால் தேவை என்றே ஸ்டோர் எடுத்துக்கொள்ளும். கேமரா அனுமதி கேட்டிருந்தால் கேமரா இருந்தாக வேண்டும் என்று எடுத்துக்கொள்ளும். மைக் அனுமதியும் அப்படியே. ஒரு திரையை நெட்டுவாக்கில் பூட்டியிருந்தால் அதுவும் தடைதான். ஏஏபிடி கருவியில் 'டம்ப் பேட்ஜிங்' போட்டுப் பாருங்கள், நீங்கள் எழுதாத தேவைகளெல்லாம் அங்கே வரிசையாக நிற்கும். விளம்பர லைப்ரரி ஒன்று உங்களுக்குத் தெரியாமலே அனுமதி சேர்த்திருப்பதும் அங்கேதான் பிடிபடும்.

## அறிகுறி 11: படம் ஓடும்போது

ப்ளே பட்டன் வேலை செய்யவில்லை. ஆண்ட்ராய்டில் சில ரிமோட் ஒரே பட்டனாக 85 அனுப்பும், சிலது ப்ளேவுக்கு 126, பாஸுக்கு 127 என்று தனித்தனியாக. மூன்றும் வேண்டும். மீடியா செஷன் சரியாக இருந்தால் குரலில் "பாஸ்" சொல்வதும் சேர்ந்தே வேலை செய்யும். சாம்சங்கில் மீடியா பட்டன்களை முன்கூட்டியே பதிவு செய்யாவிட்டால் அவை உங்களிடம் வரவே வராது. அம்பு, ஓகே, பேக் மட்டும்தான் பதிவில்லாமல் வரும். ப்ளே பட்டனே இல்லாத ரிமோட்டும் உண்டு, அதனால் ஓகே அழுத்தினாலும் நிற்கணும், ஓடணும்.

நடுவில் ஸ்கிரீன்சேவர் வருகிறது. திரையை விழித்திருக்க வைக்கும் கொடியைப் படம் ஓடும்போது மட்டும் போடுங்கள், பாஸ் செய்ததும் எடுங்கள். சாம்சங்கில் ஆப்காமன் வழியாக.

ஹோம் அழுத்திய பிறகும் சத்தம் வருகிறது. செயலி பின்னணிக்குப் போகும்போது பிளேயரை நிறுத்துங்கள். சாம்சங்கின் ஏவிப்ளே பிளேயரில் சஸ்பெண்ட், ரிஸ்டோர் என்றே இரண்டு கட்டளைகள் உண்டு.

சத்தம் வருகிறது, திரை கருப்பு. கார்டுகளில் டிரெய்லர் தானாக ஓடுகிறதா? பழைய பிளேயரை முழுக்க விடுவிக்காமல் புதியதைத் திறந்தால் மலிவு பாக்ஸில் டீகோடர் தீர்ந்துபோகும். டிரெய்லரை அணைத்துச் சோதியுங்கள். அப்புறம் எச்டிஎம்ஐ கேபிளை மாற்றுங்கள், நடுவில் சவுண்ட்பார் இருந்தால் கழற்றிவிட்டு நேராகச் செருகுங்கள். 4கே படம் மட்டும் வரவில்லை என்றால் வழியில் ஏதோ ஒன்று எச்டிசிபி 2.2 (நகல் எடுப்பதைத் தடுக்கும் முறை) தெரியாததாக இருக்கலாம்.

இதெல்லாம் முடித்தும் பாதுகாக்கப்பட்ட படம் மட்டும் மங்கலாக அல்லது கருப்பாக வந்தால், அந்தச் சாதனத்தில் வைட்வைன் (படத்தைப் பூட்டிக் காக்கும் டிஆர்எம் முறை) எல்1, அதாவது வன்பொருள் பாதுகாப்பு இருக்கிறதா, மென்பொருளில் மட்டும் நடக்கும் எல்3 மட்டுமா என்று பாருங்கள். எல்3 என்றால் உங்கள் கோடில் தேட ஒன்றுமில்லை. எல்1 இருந்தும் வராவிட்டால் மாடல் பெயர், ஃபர்ம்வேர் பதிப்பு, லாக் மூன்றையும் எடுத்து டிஆர்எம் சேவை கொடுப்பவருக்கும் டிவி நிறுவனத்தின் டெவலப்பர் உதவிக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். ஒருவருக்கு மட்டும் அனுப்பினால் அவர் மற்றவரைக் கைகாட்டுவார்.